ஏப்ரலைக் காணோம்

எழில்மதி ஏப்ரல் என்று கேட்டாள்; கம்ப்யூட்டர் மே என்றது.

"மே ஒண்ணாந் தேதியா? ஏம்மா, ஏப்ரல் பூரா கேட்டுல யாரு நிப்பா, நானா?" என்றார் கான்ட்ராக்டர் கருணாகரன். நெய்வேலியில் பிளாக் பிளாக்காகக் காவலுக்கு ஆள் விடுகிறவர். ஷிப்ட் பட்டியல் போடும் புரோகிராம் எழுத இரண்டு பெண்களை வைத்துப் பார்த்துவிட்டு, நாளை முதல் ஒருத்தி போதும் என்று சொல்லியிருந்தார். "நந்தினியப் பாரு. காலையிலயே பட்டியல மேசையில வச்சிடுச்சி."

நந்தினி தலைகுனிந்து சிரித்தாள். எழில்மதிக்கு வயிறு எரிந்தது. நந்தினியின் கொலுசு, சாப்பாட்டு டப்பா, அவள் பக்கமே காற்றடிக்கும் ஃபேன் என்று காலையிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது.

எழில்மதி தன் புரோகிராமில் மாதத்தில் ஒன்றைக் கழித்தாள். மார்ச் வந்தது.

"முடிஞ்ச மாசத்துக்கு மறுபடியும் ட்யூட்டியா?"

அதை அழித்துவிட்டு, நாளில் ஒன்றைக் குறைத்தாள். ஏப்ரல் முப்பதில் தொடங்கியது.

"தொடங்குன அன்னிக்கே மாசம் முடிஞ்சிடுச்சேம்மா!"

மத்தியானம் நந்தினி கை கழுவப் போனதும், அவளுடைய புரோகிராமைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வந்தாள். படித்துப் பார்க்கவும் பொறுமையில்லை. ஓட்டினாள்.

மே ஒன்று.

எழில்மதி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். மார்ச் முப்பத்தொன்று. தேதியை ஒன்றாக்குமுன் மாதத்தை மாற்றினால் ஏப்ரல் முப்பத்தொன்று. அப்படியொரு நாளே இல்லாததால் கம்ப்யூட்டர் தானாக மே ஒன்றுக்குத் தாவிவிடுகிறது! தன் புரோகிராமில் முதலில் தேதியை ஒன்றாக்கி, பிறகு மாதத்தை மாற்றினாள். ஏப்ரல் ஒன்று சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

ஆனால் தன்னுடையது சரியானதைவிட, நந்தினியுடையது தப்பு என்பதுதான் அதிகமாக இனித்தது.

"சார்! நந்தினிய இப்ப ஒருவாட்டி ஓட்டச் சொல்லுங்க."

நந்தினி ஓட்டினாள். மே ஒன்று.

"காலையில சரியா இருந்துச்சே?" என்றார் கருணாகரன்.

"அந்தப் பட்டியல் நேத்தே அடிச்சது சார். நேத்து முப்பதாந் தேதி, அதனால தப்பு தெரியல. இத எழுதுனவங்களுக்கு அரிச்சுவடியே தெரியல சார். இவங்கள நம்பி எப்பிடி சார்..."

கருணாகரனின் முகம் சிவந்தது. "இத எழுதுனது யாரோ, அவங்க நாளையிலருந்து வர வாணாம்!"

அன்றைக்கு முதன்முறையாக எழில்மதி நந்தினியைப் பார்த்து மனசாரச் சிரித்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெரியநாயகி பதறி நிமிர்ந்தாள்.

"ஐயோ சார், நம்ம எழிலயா வர வாணாங்கிறீங்க? நேத்து அது வடலூர் பஸ்ஸுக்கு ஓடுனதும், அதோட கம்ப்யூட்டர்லருந்துதான இந்தப் பொண்ணு இத எடுத்துக்கினு இருந்துச்சி!"