கட்டடத்துக்கு நாடி பார்த்தவர்

அந்தக் கட்டடத்துக்கு மாடி பதினொன்றா பன்னிரண்டா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. வெகுநாள் ஆகிவிட்டது. நினைவோ நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும் சாட்சி. பெட்டிகள் பன்னிரண்டு என்பது மட்டும் நிச்சயம். மாடிக்கு ஒன்று வைத்தார்கள். ஆகவே மாடியும் பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். மற்றபடி இதில் யாராவது கொஞ்சம் கூடுதல் முட்டாளாகத் தெரிந்தால் அது என் நினைவின் பிழையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அன்று காலை கீழ்த்தளக் கூடத்தில் முந்நூறு பேர் வேலையைப் போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், படித்ததற்கு ஆதாரமாகக் கழுத்தில் அட்டை தொங்கியது. நடுத்தூணில் காதை வைத்து, கண்ணை மூடி ஒருவர் நின்றார். வெள்ளை சூட்டு. மணிக்கட்டில் விரல் தடிமனுக்கு ஒரு செம்புக் காப்பு. ஐந்து நிமிடம் ஆள் அசையவில்லை. அவர் கேட்பதற்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று லிஃப்டைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்பதாம் மாடிக்காரர்கள் மூச்சிரைக்க இறங்கி வந்து கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

கடைசியில் அவர் கண்ணைத் திறந்தார்.

"அழுதுக்கிட்டிருக்கு."

"எது சார்?"

"உங்க கட்டடம். உள்ளே வர்ற மின்சாரம் கோபத்தோட வருது. கோபமா வர்றது நிறையச் சாப்பிடும். அதைச் சாந்தப்படுத்தணும்."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் யாராவது சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

பின்வரிசையில் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து நின்றவள் மோட்டார் அக்கா. கட்டடப் பராமரிப்பின் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே ஆறு பேர். ஏசி, பம்பு, லிஃப்டு, விளக்கு என்று கட்டடத்தில் சுற்றுவது, எரிவது, குளிர்வது எல்லாம் இந்த ஏழு பேர் பாடு. எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளும் காதை வைத்துக் கேட்பவள்தான். ஆனால் கேட்டு முடித்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள்.

காப்புக்காரரைக் கூட்டிவந்தது வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். நிறுவனத்தின் வியூகப் பிரிவில் துணை மேலாளர். அவளை வீட்டில் "அண்ணி" என்பான், ஆபீஸில் "மேடம்" என்பான், லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டால் இரண்டுமில்லாமல் தொண்டையைக் கனைப்பான். பாவம், அவனுக்கும் ஒரு நெருக்கடி. மின்சாரச் சிக்கனம் இனி நம் வியூகத்தின் உயிர்நாடி என்று தலைமை இயக்குநர் ஆண்டறிக்கையில் ஒரு வரி போட்டுவிட்டார். வரி அச்சாகிவிட்டது. அதற்கு அர்த்தம் தேடும் வேலை கொழுந்தன் தலையில் விழுந்தது. அவன் தேடினான். அர்த்தம் காப்புப் போட்டுக்கொண்டு வந்தது.

மாடிக்கொரு கறுப்புப் பெட்டி வந்தது. செங்கல் அளவு, செங்கல் கனம். சுவர் பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். அதைத் திறக்கக் கூடாது; திறந்தால் உள்ளே இருக்கும் சாந்தம் வெளியே போய்விடும். பெட்டியோடு பதினோரு நியமங்கள், பளபளவென்று அட்டையில் அச்சடித்து. ஏசியை இருபத்தைந்துக்குக் கீழே இறக்கக் கூடாது, ஏனென்றால் பெட்டிக்குக் குளிர் ஆகாது. கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும், ஏனென்றால் பெட்டிக்கு இருட்டு பிடிக்கும். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி ஏசி ஃபில்டரைக் குளிப்பாட்ட வேண்டும், ஏனென்றால் பெட்டி தூசியை வெறுக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, ஜனங்கள் பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள். பதினெட்டில் ஏசியை வைத்து அதற்குமேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த சீமாட்டிகள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். விளக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போன ஒரு மேலாளர் பாதி வழியில் திரும்பி வந்து அணைத்துவிட்டு, பெட்டியிடம் மன்னிப்பும் கேட்டார். ஃபில்டரைக் குளிப்பாட்டியது அக்காவின் ஆறு பேர். அவர்களை யாரும் கவனிக்கவில்லை. பெட்டியைத்தான் கவனித்தார்கள்.

மாதம் முடிந்தது. மீட்டர் பார்த்தால் யூனிட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அவ்வளவுதான், கூரை பிய்ந்தது. காப்புக்காரர் நடந்தால் பின்னால் இருபது பேர் நடந்தார்கள். ஒருவர் தன் மகனின் கணக்குப் பாடத்துக்கு ஒரு சின்னப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டார். மற்ற ஊர்களில் உள்ள கட்டடங்களுக்கும் சேர்த்து ஐந்து வருஷ ஒப்பந்தம் தயாரானது. அதில் ஒரு வரி: இயந்திரங்களின்மேல் அதிகம் பேர் கை வைக்கக் கூடாது, கை பட்டால் மின்சாரம் கூச்சப்படும். ஆகவே பராமரிப்புக்கு ஒருவர் போதும்.

ஆறு பெயர்கள் கொண்ட தாள் அக்கா மேசைக்கு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் அந்த ஆறு பேரும் வீட்டுக்கு.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள். "ஆறு பேரை வெளிய அனுப்பிட்டா ஃபில்டரை யாரு கழுவுவா? உன் பெட்டி இறங்கி வந்து கழுவுமா?"

"அண்ணி, பழைய மாதிரியே யோசிக்காதீங்க. உலகம் எங்கேயோ போயிடுச்சு."

"போயிடுச்சு சரி. நீ எதைப் பிடிச்சுக்கிட்டுப் போற? கறுப்புச் செங்கல்லையா?"

அவள் கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வாங்கப்பா, குழம்புல விழுது," என்றான். அவனுக்கு ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தம்பி. தட்டுதான் நடுநிலை.

மறுநாள் மதியம் ஏழாம் மாடி காகித அறையில் டியூப்லைட் மாற்ற ஏணியோடு போனாள் அக்கா. அங்கே கோப்புகள் பார்க்கும் பெண், வெறும் சுவரில் மாட்டியிருந்த புது நீலத் திரையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"திரை மூடுறேன்க்கா. ஒன்பதாம் நியமம். ஏழாம் மாடி மேற்கு நடையோட திரையை ரெண்டு மணிக்கு மூடணும்."

"இங்க ஜன்னலே இல்லையே."

"இல்லதான். திரையும்தான் இல்ல. அதனால புதுசா வாங்கி மாட்டினோம்." அவள் குரலில் பெருமை. "ஒரு மாசமா ஒருநாள் தவறாம மூடுறேன்க்கா. யூனிட் குறைஞ்சிருக்குல்ல?"

அந்தப் பெண் போன பிறகு அக்கா ஏணியில் ஏறவில்லை. ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அசையவில்லை. அசைய அதற்குப் பின்னால் காற்று வேண்டுமே.

அந்த இடம் ஒரு காலத்தில் நடையாகத்தான் இருந்தது. நான்கு ஜன்னல்கள், மேற்கு வெயில் நேராக உள்ளே வரும். மூன்று வருஷத்துக்கு முன் ஜன்னல்களை அடைத்து அறையாக்கிவிட்டார்கள். அதற்கும் ஒரு வருஷம் முன்னால் ஒருத்தி ஒரு சுற்றறிக்கை எழுதினாள். மதியம் இரண்டு மணிக்கு அந்தத் திரைகளை மூடினால் ஏசிக்குப் பாரம் குறையும் என்று. எழுதியவள் இப்போது காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே போய் நகலைத் தேடி எடுத்தாள். பதினோரு வரி. அதே வரிசை. இருபத்தைந்து, விளக்கு, ஃபில்டர், திரை, எல்லாமே. அவள் எழுதியிருந்த காரணங்களை அடித்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியின் விருப்பு வெறுப்பைப் போட்டிருந்தார்கள். ஆறு பேரின் வேலை போகப்போவதும் இந்தப் பதினோரு வரியால்தான் என்று நினைத்தபோது, கோபம் வரவில்லை. என்னவோ ஒரு வெறுமை வந்தது. காரணத்தைச் சொன்னபோது கேட்காதவர்கள் காரணத்தை எடுத்த பிறகு கேட்டிருக்கிறார்கள்.

கொழுந்தனைப் பம்பு அறைக்குக் கூப்பிட்டாள். அங்கேதான் பேசுவது வெளியே கேட்காது.

"அந்தாளுகிட்டப் பழைய ஃபைல் ஏதாவது குடுத்தியா?"

"கட்டடத்தோட பூர்வீகம் தெரியணும்னாரு. ஒரு கட்டு குடுத்தேன்."

"குடுக்கறதுக்கு முன்னாடி படிச்சியா?"

தொண்டையைக் கனைத்தான்.

"அவர் படிச்சிருக்கார். இந்த ஆபீஸ்லயே என் சுற்றறிக்கையை முழுசாப் படிச்ச ஒரே ஆள் அந்தத் திருடன்தான்," என்று இரண்டு தாளையும் நீட்டினாள்.

அவன் படித்தான். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் முகம் மாறியது. ஆனால் ஒப்பந்தக் குறிப்பில் அவன் கையெழுத்து இருந்தது. "நியமமும் வேலை செஞ்சிருக்கலாம் அண்ணி... பெட்டியும் செஞ்சிருக்கலாம்ல?" என்றான் மெதுவாக. ஆபீஸ் என்பதை மறந்து "அண்ணி" என்றான்.

"செஞ்சிருக்கலாம். நான் சொல்றேன்னு நீ நம்பவும் வேணாம், அவர் சொல்றாருன்னு நம்பவும் வேணாம். ரெண்டையும் பிரிச்சு வச்சுப் பாத்துடலாம்."

"திறக்கக் கூடாதுன்னு..."

"யாருடா திறக்கச் சொன்னது? இடம் மாத்தினாப் போதும்."

கையெழுத்துக்கு எட்டு நாள் இருந்தது. பன்னிரண்டாம் மாடியில், தலைமை இயக்குநர் அறையில், காப்புக்காரரும் இருக்கும்போதே அக்கா விண்ணப்பத்தை வைத்தாள்.

"ஒரு வாரம் எல்லாப் பெட்டியையும் உங்க மாடிக்கே கொண்டு வந்துடலாம் சார். பன்னிரண்டும். மற்ற மாடிகள்ல பெட்டி இல்லாம நியமம் மட்டும் இருக்கட்டும். இங்க பெட்டி மட்டும் இருக்கட்டும், நியமம் வேணாம்."

காப்புக்காரர் புன்னகைத்தார். "சந்தேகத்தோட பார்த்தா பெட்டி வேலை செய்யாதும்மா."

"அதனாலதாங்க இந்த மாடி. இங்கதான் நம்பிக்கை அதிகம். நானும் என் ஆட்களும் இந்தப் பக்கமே வரலை. நீங்களே பெட்டிக்குப் பக்கத்துல உட்காந்துக்கோங்க. மாடிக்கொரு மீட்டர் இருக்கு, அதையும் உங்க ஆளே படிக்கட்டும்."

"அது முறையில்ல. பெட்டிக்குன்னு ஒரு..."

"இருங்க," என்றார் தலைமை இயக்குநர். ஒரு மாதமாகக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவர். "அப்படின்னா இந்த வாரம் நான் ஏசியைப் பதினெட்டுல வச்சுக்கலாமா?"

"பதினாறுல வச்சுக்கோங்க சார். பன்னிரண்டு பெட்டி இருக்கே."

அவருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. உடனே சரி என்றார்.

அந்த ஒரு வாரம் பன்னிரண்டாம் மாடி சொர்க்கம். பன்னிரண்டு பச்சை விளக்கு வரிசையாக எரிய, ஏசி பனிமலையாகக் கொட்டியது. திரைகளைத் திறந்து வைத்தார்கள், வெயிலைப் பார்த்து வெகுநாள் ஆனதால். பெட்டி இருக்கிற தைரியத்தில் வீட்டுக்குப் போகும்போது ஒரு விளக்கையும் அணைக்கவில்லை. காப்புக்காரர் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மப்ளரோடு. கீழே பதினோரு மாடியிலும் பெட்டி போன பயத்தில் ஜனங்கள் நியமத்தை இன்னும் கறாராகக் கடைப்பிடித்தார்கள். ஆறு பேரும் ஃபில்டரைக் கழுவினார்கள்.

எட்டாம் நாள் அதே மாடியின் கூட்ட அறையில் காப்புக்காரரின் ஆளே மீட்டர் கணக்கை வாசித்தான். பெட்டியில்லாத பதினோரு மாடியிலும் யூனிட் போன மாதத்தின் வாரக் கணக்கைவிடச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு பெட்டி இருந்த பன்னிரண்டாம் மாடியில்... அங்கே வந்ததும் குரல் இறங்கியது. பெட்டிகள் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகம்.

 தாளை மடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

காப்புக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன். ஒரே இடத்துல பன்னிரண்டை வச்சா அதுங்களுக்குள்ள போட்டி வந்துடும். ஒண்ணோட சாந்தத்தை இன்னொண்ணு..."

"எப்ப சொன்னீங்க?" என்றான் கொழுந்தன்.

அவன் எழுந்து அக்காவிடம் கை நீட்டினான். அவள் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தாள். காப்புக்காரர் பாய்ந்து வருவதற்குள், அறைச் சுவரில் செருகியிருந்த ஒரு பெட்டியின் நான்கு திருகும் கழன்றுவிட்டன. பெட்டியை மேசைமேல் கவிழ்த்தான். ஒரு சின்ன விளக்கு, இரண்டு ஒயர், மீதி முழுக்க மணல்.

"சாதாரண மணல்னு நினைச்சிடாதீங்க," என்றார் காப்புக்காரர், இன்னும் மனம் தளராமல்.

"நினைக்கலைங்க," என்றாள் அக்கா. "இவ்வளவு படிச்சவங்களை ஒரு மாசம் விளக்கணைக்க வச்ச மணலு. எனக்கு நாலு வருஷமா முடியலை."

முதலில் சிரித்தவர் தலைமை இயக்குநரின் சுருக்கெழுத்தாளர். ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்ததால் அவருக்குப் பயமில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள், ஏதோ தாங்கள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டது போல. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஆறு பெயர்த் தாளை அக்கா நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

போகும்போது தலைமை இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பெட்டியை எடுத்துட்டா ஜனங்க பழையபடி ஆயிடுவாங்களே. அந்தப் பச்சை விளக்கை மட்டும் விட்டு வைக்கலாமா? ஒரு நம்பிக்கைக்கு?"

"வேணாம் சார். பொய்யை அணைக்காம விளக்கை அணைக்கச் சொல்லக் கூடாது."

பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில் ஜனங்கள் பழையபடி ஆனார்கள். அவர் சொன்னது அந்த அளவில் சரிதான். அதைப் பார்த்ததும் அக்கா ஒவ்வொரு மாடியின் வார யூனிட்டையும் லிஃப்டு கதவில் எழுதி ஒட்டினாள். பக்கத்தில் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்ற காரணத்தையும். எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் சண்டையே வந்தது. யூனிட் மறுபடி இறங்கி அங்கேயே நின்றது. வியூகக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்றார், மற்ற ஐவரும் அங்கேயே இருக்கிறார்கள். கொழுந்தனின் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இப்போது எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்கிறான். தலைமை இயக்குநர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், அங்கேயும் இருபத்தைந்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி. காப்புக்காரர் சௌக்கியம். வேறொரு ஊரில் தண்ணீர்க் குழாய்களுக்கு நாடி பார்க்கிறார், நல்ல கூட்டம் என்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் நிற்பவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை ஒரு வாரம் கழற்றி வச்சுப் பாக்கலாமா?" கழற்றக் கூடாது என்று சொன்னால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்கவே கூச்சமாக இருந்தால் தாராளமாக வரிசையில் நில்லுங்கள். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.