அப்பாவின் வற்றாத குட்டை

"சரளை மேட்டுல தண்ணி நிக்காதுனு தலபாடா அடிச்சிக்கினேன்..."

"எங்கப்பா வெட்ன குட்டை இருந்த எடம்டி அது. சித்திரை வெயில்லயே வத்தாது..."

"இப்ப புரட்டாசி. ஒரு சொட்டு இருக்குதா பாருங்க."

புதிதாய் வெட்டிய பண்ணைக்குட்டையின் கரையில் நின்று தெய்வசிகாமணியும் மனைவி ராஜாம்பாளும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். சின்னசேலத்துக்குத் தெற்கே அவர்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. மழைநீரைச் சேமிக்கும் விவசாயிக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்றதும் தெய்வசிகாமணி வேறு இடம் யோசிக்கவே இல்லை. எருமை முதுகிலிருந்து குதித்து அவர் நீச்சல் பழகிய இடம் அது. கரையில் நாவல் மரம். பழம் உதிரும் மாதத்தில் தண்ணீரே ஊதாவாகிவிடும். அவருடைய பதினைந்தாம் வயதில் அப்பா இறந்தார். அந்த வருடமே குட்டையும் வற்றியது. துக்கத்தில் வற்றியது என்றே இன்றுவரை நம்புகிறார். பிறகுதான் தூர்த்து மரவள்ளி நட்டார்கள்.

மண் அள்ளும் எந்திரத்தின் வாடகைக்காக ராஜாம்பாள் தன் கறவை மாட்டை விற்றிருந்தாள். மானியம் வந்தால் மாடு திரும்பி வரும். ஆனால் தண்ணீரோடு குட்டையைப் படம் பிடித்தால்தான் மானியம். அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார்.

திங்களன்று பகல் முழுக்க மோட்டார் ஓடியது. சாயங்காலம் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைச் செவ்வாய் காலையில் காணோம். அந்தக் காலத்தில் அப்பாவோடு சேர்ந்து குட்டை வெட்டிய கிழவர் அம்மாசி வேப்பமர நிழலில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டினார்.

செவ்வாயன்று ஏரி வண்டலைக் கொட்டி, மிதித்து இறுக்க ஆட்டுக்கிடைக்காரரை அழைத்தார். நூற்றிருபது ஆடுகள் இறங்கின. ஏறும்போது எல்லாம் ஒரே பக்கமாக ஏறியதில், அந்தப் பக்கத்துக் கரை சரிந்துவிட்டது.

"வண்டல் குட்டைல இல்லீங்க. ஆட்டு மேலதான் கீது" என்றாள் ராஜாம்பாள்.

கரையை ஒட்டுப்போட்ட பின் தெய்வசிகாமணி வீடு வீடாகப் போய்க் கல்யாணம், காதுகுத்துக்கு வைத்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கேட்டு வாங்கினார். அடியில் விரித்துத் தண்ணீர் விடத் திட்டம். நடுவில் விரிக்கப் பேனர் கொஞ்சம் குறைந்தது. பக்கத்து நிலத்து உபகாரமேரி, ஆறு மாதம் முன்பு காலமான தன் புருஷன் ஆசீர்வாதத்தின் கண்ணீர் அஞ்சலி பேனரைத் தந்தாள். "ரொம்ப நேரம் தண்ணில வுடாதீங்கண்ணா, அவருக்குச் சளி புடிக்கும்" என்றாள்.

கவிழ்த்துப் போடச் சொன்னாள் ராஜாம்பாள். செத்தவர் முகத்தை மண்ணில் கவிழ்க்கத் தெய்வசிகாமணிக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் நின்றது. கண்ணாடி மாதிரி நின்றது. அதிகாரி நிர்மலா செல்போனை உயர்த்தி, மெல்லத் தாழ்த்தினாள். அடியில் ஆசீர்வாதம் கைகூப்பிச் சிரித்தார். காற்று வீசும்போதெல்லாம் தலையும் அசைத்தார்.

"யாருங்கய்யா அது?"

"பக்கத்து நிலத்துக்காரரும்மா."

தெய்வசிகாமணியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எருமை, நாவல் மரம், ஒருநாளும் வற்றாத தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என்ற இடத்தில் குரல் உடைந்தது. ராஜாம்பாள்கூட மாட்டை மறந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நிர்மலாவுக்கும் இளகிவிட்டது. அங்கே பழைய ஊற்று இருந்ததென்று வெட்டிய ஆள் யாராவது சொன்னால் எழுதிக்கொள்வதாகவும், மேலிடத்தில் பேசி மானியத்தை எப்படியும் வாங்கித் தருவதாகவும் சொன்னாள்.

தெய்வசிகாமணி ஓடிப்போய் அம்மாசியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கிழவர் குட்டையை எட்டிப் பார்த்து, ஆசீர்வாதத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊத்து இன்னா ஊத்து தம்பி, கெணறு வெட்ட மானியம் வாங்கி, தண்ணி வராம பாதில வுட்ட பள்ளம் அது, ஆபீசர் எப்ப வருவாரோனு உங்கப்பா சாவற வரைக்கும் எங்கள வச்சி ஏரித் தண்ணிய மொண்டு ஊத்திக்கினே இருந்தாரு."