நாற்பது டாலருக்கு ஒரு சாவு

"சாப்பிடாத சோத்துக்கு எவனாவது பில்லு கட்டுவானா?" என்று கடிதத்தைப் பள்ளி அலுவலக மேசைமேல் போட்டார் லைல் ஹாகன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜோலீன். லைல் இதே பள்ளியில் படித்த காலத்திலும் அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆர்டர் குடுத்துட்டு எழுந்து போனா கட்டித்தான் ஆகணும் தம்பி. கேள்வித்தாள் உன் பையன் பேருக்கு வந்துச்சு. பையன்தான் வரல."

லைலின் மகன் ப்ரோடிக்குப் பள்ளியில் கடைசி வருடம். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று ஒரு பரீட்சை. பள்ளியிலேயே எழுதித் தேறிவிட்டால், கல்லூரியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. தான் சேரப்போகும் கல்லூரி அந்த மதிப்பெண்ணைச் சட்டையே செய்யாது என்று ப்ரோடிக்குக் கடைசி வாரம்தான் தெரிந்தது. பரீட்சை நாளன்று தூண்டிலோடு ஏரிக்குப் போய்விட்டான். வராதவர்களுக்கு அபராதம் நாற்பது டாலர்.

"நான் கட்ட மாட்டேன்க்கா. மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணும்."

"தாராளமா வெச்சுக்கோ. ஆனா பாக்கி நிக்கிற வரைக்கும் பட்டமளிப்புல உன் பையன் பேரைப் படிக்க மாட்டாங்க. அங்கியும் தர மாட்டாங்க."

எங்கள் மினசோட்டாப் பக்கம் பிள்ளை பள்ளியை முடித்தால் கார் ஷெட்டில் விருந்து வைப்பது கல்யாணத்துக்குச் சமம். லைலின் மனைவி ரெனே ஷெட்டைக் கழுவி, பெயின்ட் அடித்து, ஊரையே கூப்பிட்டிருந்தாள். ப்ரோடியின் முகம் போட்ட கேக்குக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. மேடை ஏறாத பையனின் முகத்தை எப்படி வெட்டிப் பரிமாறுவது?

"விதிவிலக்கே கிடையாதா?"

"காய்ச்சல்னா டாக்டர் சீட்டு வேணும். குடும்பத்துல சாவுன்னா சீட்டெல்லாம் கேக்கறதில்ல. அந்த அளவுக்கு நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல."

லைலின் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. "சாவுதான்க்கா. வெர்ன் சித்தப்பா."

ஜோலீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபார்கோவுல இருக்காரே, அந்த வெர்னா?"

"இருந்தாரு."

"எப்படி?"

"தூக்கத்துலேயே. நிம்மதியா."

ஜோலீன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணினியில் ஏதோ தட்டினார். "அபராதத்த நீக்கியாச்சு. மனசத் தேத்திக்கோ."

அன்று சாயங்காலம் ப்ரோடிக்கு அர்ச்சனை நடந்தது.

"நான் படிக்கறப்ப ஒரு பரீட்சைய விட்டதில்லடா! காய்ச்சலோட போய் எழுதினவன்! எங்கப்பாவும் அப்படித்தான், ஒரு அபராதம் கட்டினதில்ல. எதுவா இருந்தாலும் நேர்ல போய்ப் பேசியே முடிச்சுடுவாரு."

"சரிப்பா" என்றான் ப்ரோடி. அவனுக்கு மேடையில் பெயர் கூப்பிட்டால் போதும்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஆர்லிஸ் ஒரு கண்ணாடித் தட்டோடு நின்றாள். அடியில் கறி, மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு இந்த ஹாட்டிஷ்தான் போகும். தட்டு திரும்பி வரவேண்டுமே என்று அடியில் டேப் ஒட்டிப் பெயரும் எழுதியிருக்கும்.

"கேள்விப்பட்டோம்" என்று ரெனேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க இடமில்லை.

"வெர்ன் சித்தப்பா போயிட்டாராமே" என்றாள் ரெனே. "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

லைல் விஷயத்தைச் சொன்னார். ரெனே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொல்றதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? விருந்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கேன் லைல்! வர்றேன்னு பதிலும் போட்டுட்டாரு!"

லைல் ஃபோனை எடுத்தார். "சித்தப்பா, விருந்து இல்ல. நீங்க அலைய வேணாம்."

"ஏன்டா?"

"வந்து... வீட்டுல ஒரு சாவு."

"ஐயையோ! யாருடா?"

"உங்களுக்குத் தெரியாதவங்க."

"நம்ம வீட்டுல எனக்குத் தெரியாத ஆளா? முட்டிக்கு டாக்டரைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை கிளம்பி வர்றேன். தைரியமா இரு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் வெர்னுக்காக உருக்கமாக ஜெபித்தார். லைல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஊர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு தட்டு அனுப்பியது.

வெள்ளிக்கிழமை வந்தது. ப்ரோடியின் பெயரைப் படித்தார்கள், மேடை ஏறினான், லைல் நிஜமாகவே அழுதார். மேடையில் கொடுத்தது வெறும் அட்டைதான். அசல் சான்றிதழை அலுவலகத்தில் எல்லாம் சரிபார்த்த பிறகு ஜோலீன்தான் தரவேண்டும். அதுவரை லைலின் உயிர் அவருடையது இல்லை.

விருந்து களைகட்டிய நேரத்தில் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கினார் வெர்ன்.

"யாருடா செத்தது?"

லைல் பாய்ந்துபோய் அவரைக் கொல்லைப்புறமாக இழுத்தார். பனிக்காலத்தில் உறைந்த ஏரிமேல் வைத்து, உள்ளே உட்கார்ந்து மீன்பிடிக்கிற மரக்கூண்டு அங்கே சும்மா கிடந்தது.

"உள்ள உக்காருங்க சித்தப்பா. கொசு வராது."

"துக்க வீட்டுல கேக்கு எதுக்குடா? பலூன் எதுக்கு?"

"அப்பறமா சொல்றேன். மொதல்ல சாப்பிடுங்க." ஒரு தட்டு நிறைய ஹாட்டிஷை அவர் கையில் திணித்துக் கதவைச் சாத்தினார்.

திரும்பினால் ஷெட் வாசலில் ஜோலீன். கையில் பழுப்புக் கவர்.

"பிள்ளையோட சான்றிதழ். நானே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

லைல் கையை நீட்டினார். அதே நேரம் கூண்டின் கதவு கிரீச்சென்று திறந்தது.

"லைலு! இந்த உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் இருக்கா?"

காலித் தட்டோடு வெர்ன் வெயிலில் வந்து நின்றார். ஆர்லிஸ் கையிலிருந்த கேக் தரையில் விழுந்தது. போதகர் வாயில் போட்டதை மெல்லாமல் நின்றார். ரெனே கண்ணை மூடிக்கொண்டாள். லைலின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நாற்பது டாலரைக் கட்டித் தொலைத்திருக்கலாமே என்று முதல்முறையாகத் தோன்றியது அவருக்கு.

ஜோலீன் மட்டும் அசரவில்லை. நேராகப் போய்க் கவரை ப்ரோடியின் கையில் கொடுத்தார். வெர்னின் தட்டை வாங்கி, இன்னொரு கரண்டி ஹாட்டிஷ் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தடவ பரவாயில்ல வெர்ன், தூக்கத்துலேயே போயிட்டீங்க. லைலு படிக்கறப்ப பரீட்சைய விட்டுட்டு மீன் பிடிக்கப் போன அன்னிக்கு, இவங்கப்பா எங்கிட்ட வந்து உங்கள மாரடைப்புலேயே கொன்னுட்டாரு!"