வெளிவராத விளையாட்டுக்கு வைத்தியம் பார்த்த மிஸ்ஸி

கிள்ளான் பள்ளத்தாக்கில் கெட்டிக்கார டாக்டர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் இன்னும் வெளியே வராத ஒரு வீடியோ விளையாட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் நோய் கண்டுபிடித்துச் சொன்னவர், உலகத்திலேயே எங்கள் மிஸ்ஸி ஒருவர்தான்.

எங்கள் ஊரில் நர்சை மிஸ்ஸி என்போம். இவர் முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைக் கேட்டால், “பேரு எதுக்கு? கூப்பிட்டா வரேன்ல?” என்பார். கூப்பிடாவிட்டாலும் வருவார்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருக்கும் நான், காஜாங்கில் ஏர்கோன் பழுது பார்க்கும் சேகர், பிரிக்பீல்ட்ஸில் வக்கீல் ஆபீசில் இருக்கும் ஷாலினி. மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் வரப்போகும் ஒரு விளையாட்டுக்காக இரண்டு வருடமாகக் காத்துக்கிடக்கிறோம். அதில் நாயகன் தனியாகப் போவதில்லை. அவனுக்கு ஆறு துணைவர்கள். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மற்ற மூவரும் கூடாரத்தில் காத்திருப்பார்கள். யாரைக் கூட்டிப்போவது, யாரைக் காதலிப்பது, யார் கடைசியில் முதுகில் குத்துவான் என்று இணையத்தில் எங்கள் ரசிகர் குழு சதா சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் குழுவில் ‘வார்டு ஏழு’ என்ற பெயரில் ஒருவர் எழுதிவந்தார். வெளுத்த முகமும் நீலக் கண்ணுமாக வேலிஸ் என்ற சூனியக்காரியின் படம் வெளியான அன்று குழுவே உருகி ஓடியது. ஆளாளுக்குக் கவிதை. அதற்குக் கீழே வார்டு ஏழு எழுதினார்: “கீழ் இமையை இழுத்துப் பார்க்கவும். ரத்தம் குறைவு.” இரும்புக் கவசத்தோடு டோர்பன் என்ற வீரன் மலையிறங்கி வரும் காட்சி வந்தது. “முட்டி தேய்ந்துவிட்டது. எடையைக் குறைக்கச் சொல்லவும்.”

யாரோ குறும்புக்கார மருத்துவ மாணவன் என்று நினைத்து, ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னோம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றவர், குடையும் பிளாஸ்க்கும் வைத்திருந்த அறுபத்து மூன்று வயது அம்மாள்.

“வார்டு ஏழு நாந்தான். ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க? உக்காருங்க லா.”

கட்டைவிரலில் ஆப்பரேஷன் ஆனபோது, விரலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்களாம். மெல்பர்னில் இருக்கும் மகன் விட்டுப்போன வீடியோ விளையாட்டுப் பெட்டி அலமாரியில் இருந்திருக்கிறது. தினம் கால் மணி நேரம் பட்டனை அமுக்கினால் போதும் என்று ஆரம்பித்தவர், ஆறு மாதத்தில் மூன்று ராஜ்ஜியங்களை மீட்டுவிட்டார். கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று ஷாலினி கேட்டாள். “அது எப்பவோ சரியாப் போச்சு” என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்துவிடுவார். எங்களுக்கு முக்கியம், யார் அடித்தால் அதிகம் வலிக்கும் என்பது. அவருக்கு முக்கியம், யார் எத்தனை நாளாக ஓய்வில்லாமல் இருக்கிறார்கள் என்பது. ஒருநாள் மேசையில் விரித்திருந்த தாளைத் திருப்பிப் போட்டு, ஆறு துணைவர்களுக்கும் டூட்டி அட்டவணை எழுத ஆரம்பித்துவிட்டார்.

“ஓகாவ ஏன் ஒருத்தரும் கூட்டிட்டுப் போகமாட்டேங்கிறீங்க?”

ஓகா என்பவன் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வரும் குண்டுச் சமையல்காரன். ரசிகர்களுக்கு அவன் வெறும் கேலிப்பொருள்.

“அவன் சண்டைக்கு ஆகமாட்டான் மிஸ்ஸி” என்றான் சேகர்.

“அப்ப நீ பட்டினியா போய்ச் சண்ட போடு. அந்த டிராகன் எத்தன நாளா பறக்குது? அதுக்கு ஓஃப் கெடையாதா?”

டிராகனுக்குப் புதன்கிழமை விடுமுறை என்று எழுதினார். அது எதிரியின் டிராகன் என்று சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதோடு விட்டாரா? ஒரு காட்சியில் டோர்பனின் கையில் கட்டு தப்பாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் அந்த விளையாட்டுக் கம்பெனிக்கே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். ‘நோயாளி: டோர்பன். வயது: தெரியவில்லை. தொழில்: போர்.’ இப்படித் தொடங்கி, கட்டை அவ்வளவு இறுக்கினால் விரல்கள் கறுத்துவிடும், போட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த டிரெய்லரில் டோர்பனின் கட்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் அத்தனை சுத்தமாக இருந்தது. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். மிஸ்ஸி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த டிரெய்லரை அடுத்த ஞாயிறும் ஷாலினியின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். நான் பால் கெட்டியாகப் போட்ட ஐஸ் தேத்தண்ணியின் இரண்டாவது கிளாசில் இருந்தேன். கீழே விழுந்த குடையை எடுக்கக் குனிந்த மிஸ்ஸி நிமிரவே இல்லை. மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, ஒன் கால்ல ஈ உக்காந்திருக்கு.”

“விரட்டி விடுங்க மிஸ்ஸி. சண்ட சீன் வருது.”

“வெரட்டிட்டேன். அப்புறம் கிள்ளியும் பாத்தேன். ரெண்டு தடவ.”

கிள்ளியது எனக்குத் தெரியவே இல்லை. சப்பாத்து கடிக்கிறது என்று ஒரு மாதமாகச் செருப்பில்தான் நடந்துகொண்டிருந்தேன். சுண்டுவிரலில் ஒரு புண். வலிக்காத புண்ணை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

மிஸ்ஸி எழுந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“சீனி எவ்வளவு?”

“ரெண்டு கரண்டி.”

“தேத்தண்ணில இல்ல லா. ஒடம்புல.”

சீனி வியாதி என்று மூன்று வருடத்துக்கு முன்பே டாக்டர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதம் மாத்திரை போட்டேன், உடம்பு நன்றாக இருந்தது, நிறுத்திவிட்டேன். இதே நோயில் என் அப்பாவின் கால் போனதைப் பார்த்தவன் நான். பார்த்ததால்தான் மறுபடி பரிசோதனைக்குப் போகப் பயம். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடையில், சோற்று வாளியோடு பரிமாற வந்து நின்ற கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சரி, எந்திரி” என்றார். அவ்வளவுதான். ஒரு பக்கம் சேகர், மறுபக்கம் அவர். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தேன். தினமும் மத்தியானம் மிஸ்ஸி வந்துவிடுவார். வந்ததும் என் கட்டைப் பரிசோதிப்பார், பிறகு கட்டுப் போட்ட நர்சைப் பரிசோதிப்பார். அதற்குப் பிறகு கைப்பேசியை எடுத்து, ரசிகர் குழுவில் அன்றைக்கு நடந்த சண்டையைச் சத்தமாகப் படிப்பார். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்தார். பண்டமாரான் ஊர்க்காரர், லோரி ஓட்டுபவர்.

“அந்தச் சமையல்காரனக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க மிஸ்ஸி. தூரப் பயணம். சாப்பாடு முக்கியம்.”

எதிர்க் கட்டில் மலாய்க்காரப் பெரியவருக்கு மிஸ்ஸி கதை முழுவதையும் மலாயில் சொன்னார். அவர் யோசித்துவிட்டு வேலிஸை நம்பக் கூடாது என்றார். அந்த வாரம் முடிவதற்குள் வார்டு இரண்டாகப் பிரிந்து, பெரிய டாக்டர் ரவுண்டு வரும்போதுதான் அடங்கியது.

ஒரு மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கேட்டேன். “ஏன் மிஸ்ஸி, நாங்கதான் வேல வெட்டி இல்லாம பேசுறோம். உங்களுக்கு ஏன் இவங்க மேல இவ்வளவு ஆச?”

என் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

“எங்க வார்டுல நாப்பது கட்டில். ஒரு ஊசி, ஒரு மாத்திர, அடுத்த கட்டில். ‘மிஸ்ஸி, ஒரு நிமிஷம்’னு கூப்பிடுவாங்க. ‘இதோ வரேன்’னு சொல்லிட்டுப் போயிருவேன். திரும்பி வரப்ப சில கட்டில் காலியா இருக்கும். என்ன சொல்ல வந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இந்த மாதிரி கேம்ல அப்படி இல்ல தம்பி. கூடாரத்துக்குப் போனா ஒவ்வொருத்தரா உக்காந்து கதை சொல்றாங்க. முடியிற வரைக்கும் கேக்கலாம். நடுவுல வேற யாரும் கூப்பிடமாட்டாங்க.”

நான் வீட்டுக்கு வந்து, சரியாக நடக்கத் தொடங்கி, சீனியில்லாத தேத்தண்ணியைத் திட்டிக்கொண்டே குடிக்கப் பழகி, எல்லாம் ஆயிற்று. போன மாதம் ஒரு ஞாயிறு மிஸ்ஸி வரவில்லை. இத்தனைக்கும் அன்று காலைதான் புதிதாகச் சேர்த்த ஏழாவது துணைவனின் டிரெய்லர் வெளியாகியிருந்தது. போன் போட்டேன்.

“ஒண்ணும் இல்ல. நேத்து கண்ணுல புரை எடுத்தாங்க. நீங்க பாருங்க.”

“யாரு கூட இருக்கா?”

“கூட எதுக்கு ஆளு? நான் பாக்காத ஆப்பரேஷனா?”

அடுத்த ரயிலில் மூவரும் கிள்ளானில் இறங்கினோம். கதவைத் திறந்தவரின் வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. இடது கண்ணிலும் புரை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. “யாரு, மூணு பேருமா?” என்று கேட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

சேகர் கஞ்சி வைத்தான். ஷாலினி டிரெய்லரைப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் தெரிவதை வாயால் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழாவது ஆள் படகோட்டி. நரைத்த தாடி. இருமுகிறான்.

“நிறுத்து. அந்த இருமல திரும்பப் போடு.” தலையைச் சாய்த்துக் கேட்டார். “நெஞ்சுல இல்ல. தொண்டதான். பொழச்சுக்குவான். அப்புறம்?”

படகு கரைக்கு வந்தது. அவன் இறங்கி, தூரத்தில் தெரிந்த நெருப்பை நோக்கி நடந்தான். திரை இருண்டது. மொத்தமே இரண்டு நிமிடம்.

“அப்புறம்?” என்றார் மிஸ்ஸி.

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“கூடாரத்துக்கு வர்றான் மிஸ்ஸி. எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஓகா எந்திரிச்சு எடம் குடுக்குறான். ஒரு கிண்ணத்துல சூப்பு ஊத்துறான்…”

டோர்பன் முட்டிவலிக்கு எண்ணெய் தடவினான். வேலிஸ் கீரையைத் தின்னமாட்டேன் என்று அடம் பிடித்தாள். கணினி எப்போதோ அணைந்துவிட்டது, பின்னணியில் இசை இல்லை, அடுப்படியில் சேகர் கஞ்சி கிளறும் சத்தம் மட்டும் கேட்டது. இதெல்லாம் மிஸ்ஸிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், மூடிபோட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பி, “ம், சொல்லு” என்றார்.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.