பேபி அம்மா வீட்டுக்கு வழி

கைபேசி தண்ணீரில் விழுந்த சத்தம் லெனாக்ஸுக்குக் கேட்கவில்லை. அவனே விழுந்த சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

படகிலிருந்து துறைக்கு ஒரு பலகை போடுவார்கள். அதற்காகக் காத்து நிற்பது வெளியூர்க்காரர்கள் வேலை என்பது அவனுடைய கருத்து. தாவினான். புது ஷூ வழுக்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பெட்டியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"பலகை போடறதுக்குள்ள என்ன அவசரம்ண்ணே?" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான் துறையில் படகுக்குக் கயிறு கட்டியவன். "இங்க முதல் தடவையா?"

"முதல் தடவையாவா? தம்பி, நான் கைடு. கிங்ஸ்டவுன்ல போய் லெனாக்ஸ்னு சொல்லிப் பாரு. தீவுன்னா என்னன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே நான்தான்."

சொல்லிக் கொடுப்பது உண்மைதான். பெரிய தீவிலுள்ள கிங்ஸ்டவுனில் கப்பல்களில் வந்து இறங்குகிறவர்களை வேனில் ஏற்றி எரிமலையும் அருவியும் காட்டுவது அவன் தொழில். 'முதல் தடவை வர்றவங்க பண்ற தப்பு' என்று பேச ஆரம்பித்தால் வேன் மலையேறி இறங்கும்வரை வாய் மூடமாட்டான். தெற்கே இருக்கும் சின்னத் தீவுகளைப் பற்றியும் கண்ணால் பார்த்ததுபோல அளப்பான். ஆனால் அதில் ஒன்றில்கூட அவன் கால் வைத்ததில்லை. படகில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். இன்றும், தீவு தீவாக நின்று போகும் அந்தப் படகு கிளம்பியதுமே தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தவன், பக்கத்தில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சைத் தூக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தான்.

எல்லாம் ஷெர்மாவுக்காக. யூனியன் தீவுப் பெண். கிங்ஸ்டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷம் அலையவிட்ட பிறகு, போன வாரம்தான் கல்யாணத்துக்கு இறங்கி வந்தாள்.

"எங்கம்மா சரின்னா நானும் சரி. நீ தனியாப் போய்க் கேக்கணும். சனிக்கிழமை, இருட்டறதுக்குள்ள. உனக்கு முன்னாடி ஒருத்தன் மறுநாள் காலையில போய் நின்னான். அம்மா கதவையே தொறக்கல."

"நான் போறேன்."

"அம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி கேள்வி கேப்பா. சோதிச்சுத்தான் பாப்பா. தடுமாறிடாதே. இறங்கினதும் எந்தப் பக்கம் போகணும்னு சொல்றேன், கேட்டுக்கோ."

"எனக்கா? எனக்கா வழி சொல்றே?"

அவள் பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் கைபேசிக்கு அனுப்பிவைத்தாள். அந்தக் கைபேசி இப்போது மீன்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.

லெனாக்ஸ் அசரவில்லை. வேனில் அவன் தினமும் நடத்தும் பாடங்களில் இதுவும் ஒன்று: "பாஸ்போர்ட்ல இருக்கற பேரைச் சொல்லி ஆளைத் தேடாதீங்க. தீவுல அந்தப் பேர் பெத்தவங்களுக்கே மறந்திருக்கும். வீட்டுப் பேரைச் சொல்லுங்க, ஊரே கை காட்டும்." ஷெர்மாவின் குடும்பப் பெயர் ஒலிவியர், வீட்டுப் பேர் பேபி. வேறென்ன வேண்டும்?

துறைக்கு எதிரே ஒரு கடை. ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தான்.

"பேபி அம்மா வீடு எது?"

கடைக்காரி மிஸ் வெர்னா சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"பேபி அம்மா வீடுங்க!" என்று குரலை உயர்த்தினான்.

"யாரோ வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள் சோப்பிடம். "வணக்கம் ஒண்ணும் காணோமே. காத்தாத்தான் இருக்கும்."

லெனாக்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். வணக்கம் சொல்லாமல் வாயைத் திறக்காதே என்பதுதான் அவனுடைய முதல் பாடமே! வெளியே போய் மறுபடி வந்தான்.

"வணக்கம் மிஸ். நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ம், இப்ப ஆள் தெரியுது. எந்தப் பேபி?"

"ஒலிவியர் பேபி. கிங்ஸ்டவுன்ல வேலை பாக்கறவ."

"ஓ, அவளா! நேரா மேல ஏறு. சர்ச்சுக்குக் கீழ மஞ்சக் கதவு." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கோலத்துலயா போகப்போற? ஈரத்தோட போய் நின்னா அந்தம்மா வாசப்படி மிதிக்க விடமாட்டா."

நியாயம். பெட்டியில் இன்னொரு நல்ல சட்டை இருந்தது, காலுறை இருந்தது, நீச்சல் டிராயர்கூட இருந்தது. இன்னொரு நல்ல பேன்ட் இல்லை. கடற்கரைக்குப் போய், சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு டிராயரை மாட்டிக்கொண்டான். பேன்ட்டை நன்றாக முறுக்கிப் பிழிந்து, குளுகுளுவென்று நிழல் தரும் ஒரு மரத்தின் கிளையில் காயப்போட்டு, அதன் கீழேயே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

பேன்ட் காய்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கே ஓடுவது? மரத்தோடு ஒட்டி நின்றான். மழை விட்டபோது கழுத்து எரிந்தது. காது எரிந்தது. முதுகில் யாரோ மிளகாய் அரைத்துத் தடவியதுபோல இருந்தது. குனிந்து பார்த்தான். காலடியில் சின்னச் சின்னப் பச்சை ஆப்பிள்கள்.

மஞ்சினீல் மரம். காயைத் தின்றால் ஆஸ்பத்திரி. மழையில் அடியில் நின்றால் சொட்டுகிற தண்ணீரே தோலைக் கொப்புளமாக்கும். இதை அவன் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறான்!

"சிவப்புப் பெயின்ட் எங்கேடா?" என்று மரத்தைப் பார்த்தே கத்தினான். அவன் ஆட்களைக் கூட்டிப்போகும் கடற்கரையில் இந்த மரங்களுக்குச் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். இங்கே அடிக்கவில்லை. இங்கேதான் பிறந்த குழந்தைக்கும் அந்த மரத்தைத் தெரியுமே.

நல்ல தண்ணீரில் கழுவினால் எரிச்சல் அடங்கும் என்று பேன்ட்டைத் தோளில் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டிராயரோடும் வெறும் மார்போடும் ஊருக்குள் ஓடினான். குடை பிடித்து வந்த இரண்டு பெண்கள் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள்.

"ஏய், இது ஊரா கடற்கரையா? துணி கிடையாதா உனக்கு?"

"வெளியூரு போல. பெத்தவங்க சொல்லிக் குடுத்திருக்கணும்."

வெளியூரு! இருபது வருஷமாக அவன் அடுத்தவர்களைச் சொல்லிவந்த வார்த்தை. அவமானத்தில் தோளில் கிடந்த பேன்ட்டை அங்கேயே அவசரமாக மாட்டிக்கொண்டான். மரத்தடி மழைநீர் முழுவதையும் அந்தப் பேன்ட் குடித்திருந்தது என்பது நாலு எட்டு நடந்த பிறகுதான் தொடைகளுக்குப் புரிந்தது.

"எந்த மரத்துக்கடியில நின்ன?" என்றாள் கடை வாசலில் நின்ற மிஸ் வெர்னா, அவன் நடையைப் பார்த்துவிட்டு. "அட கடவுளே! இப்பல்லாம் வெள்ளைக்காரன்கூட அங்க நிக்கறதில்லையே! பேன்ட்டைக் கழட்டு, அலசித் தர்றேன்."

லெனாக்ஸ் வானத்தைப் பார்த்தான். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. கழற்றி, அலசி, காயவைப்பதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் கதவு மூடிவிடும். கதவு மூடினால் ஷெர்மா இல்லை.

"இதெல்லாம் ஒரு எரிச்சலா மிஸ்?" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, கால்களை அகட்டி அகட்டி மேட்டில் ஏறினான். வழியில் தென்பட்ட ஒருவரையும் விடாமல் வணக்கம் சொன்னான். வேலியோரம் நின்ற ஆட்டுக்கும் ஒன்று விழுந்தது.

மஞ்சள் கதவைத் திறந்த அம்மாள் கதவளவுக்கு இருந்தாள். கையில் மீன் வெட்டும் கத்தி.

"வணக்கம்மா. என் பேர் லெனாக்ஸ். கிங்ஸ்டவுன்லேருந்து வர்றேன். உங்க பேபியைக் கல்யாணம் பண்ணிக்க உங்ககிட்ட சம்மதம் கேக்க வந்திருக்கேன்."

கத்தி மெல்லக் கீழே இறங்கியது.

"பேபியையா?"

"ஆமாம்மா."

"எங்க பேபியையா?"

"உங்க பேபியைத்தான்."

"நல்லா யோசிச்சியா?"

"ரெண்டு வருஷமா யோசிச்சாச்சும்மா."

"ரெண்டு வருஷமாவா! அந்தக் கள்ளி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா பாரு!"

ஆரம்பித்துவிட்டாள் சோதனையை, என்று லெனாக்ஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"வா, உள்ள வந்து உக்காரு."

உட்காருவதா! தொடை இரண்டும் தணலாக இருந்தது. "நீங்க நிக்கறப்ப நான் எப்படிம்மா உக்காருவேன்?"

அம்மாள் உட்கார்ந்தாள். அவன் அப்போதும் உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிமாறி நின்றான்.

"பெரியவங்க முன்னாடி கால் தரையில பாவ மாட்டேங்குது உனக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பயலா!" என்றாள் அவள். "ஆமா, கண்ணுல என்ன தண்ணி? அழறியா?"

"சந்தோஷம்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, பின்னால என்னைக் குத்தம் சொல்லக்கூடாது பாரு. அவ சமையலைச் சாப்பிட்டிருக்கியா?"

"அமிர்தம்மா!"

"அவ வச்ச குழம்பை நாய் மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"எனக்கு அமிர்தம்தான்."

"கோவம் வருமே அவளுக்கு?"

"அவளுக்கா? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லையேம்மா."

"ஒருத்தனைத் துடுப்பாலயே போட்டு மொத்தினாளே, சொல்லலையா?"

லெனாக்ஸ் ஒரு கணம் திகைத்தான். பலமான சோதனைதான். ஆனால் தடுமாறக்கூடாது.

"அப்படி மொத்தியிருந்தா அவன்மேலதான் தப்பு இருந்திருக்கும்மா."

"இதைத்தானே நானும் போலீஸ்காரன்கிட்டச் சொன்னேன்!" அம்மாள் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு. வயசு? அதுல உனக்கு வருத்தம் இல்லையே?"

"நான்தானேம்மா பெரியவன்."

"நீயா!" என்று அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியவே இல்ல ராசா. நல்ல உடம்புவாகு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஜன்னலைப் படாரென்று திறந்து மேடு முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "பேபிக்கு மாப்பிள்ளை வந்தாச்சு! தானா வந்தாச்சு!"

எதிர்வீட்டில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது. அடுத்த நிமிஷம் ஊர் திரண்டுவிட்டது. ஒருவர் ரம் கொண்டுவந்தார். இன்னொருவர் சீமைப்பலாவைத் தணலில் போட்டார். பெண்கள் பாரை மீன் பொரித்தார்கள். மிஸ் வெர்னா சோற்றுக்கற்றாழையை வெட்டி வந்து அவன் கழுத்தில் தடவினாள். உள்ளறைக்குத் தள்ளி யாரோ ஒரு தொளதொள பேன்ட்டையும் கொடுத்தார்கள். ஆண்கள் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள்.

"தைரியசாலிய்யா நீ!"

"நீச்சல் தெரியுமா? தெரிஞ்சு வச்சுக்க, உதவும்."

"உனக்கு அம்மா அப்பா இருக்காங்களா? அவங்க தடுக்கலையா?"

பெண் வீட்டாரின் கேலி என்று லெனாக்ஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். இப்படிக் கேலி செய்கிறார்கள் என்றால் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். ஷெர்மாவிடம் வழி கேட்காமல், கைபேசி இல்லாமல், இருட்டுவதற்குள் வந்து, சோதனையில் தேறிவிட்டான்! ஷெர்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். எல்லா விதத்திலும் அவன்தான் கெட்டிக்காரனாக இருந்தான்.

"மாப்பிள்ளை, இன்னொரு சந்தோஷச் சமாச்சாரம்" என்று அம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "பேபி இன்னிக்கே வர்றா! மீன் படகுல ஏறிட்டாளாம். நீ இருக்கிறதைச் சொல்லாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வந்து பாத்து அசந்து போகட்டும்."

ஷெர்மாவுக்கு இன்று வேலை நாள். தனக்காக லீவு போட்டுவிட்டுக் கடல் தாண்டி வருகிறாள்! இந்தத் தடவை வந்த கண்ணீர் மரத்தால் வந்ததல்ல.

மீனும் சீமைப்பலாவும் நிறைந்த தட்டோடு மேட்டு ஓரத்துக்கு வந்து நின்றான். கீழே கடல். எதிரே, கூர் கூரான மலைகளோடு ஒரு பெரிய தீவு. அதன் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன அழகு! அவனுக்குள் இருந்த கைடு விழித்துக்கொண்டான். இதை வேனில் சொல்லாவிட்டால் எப்படி? பேர் தெரியாமல் எப்படிச் சொல்வது? இனி நம் சொந்தக்காரர்கள்தானே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, அவன் ஒரு தீவைப் பற்றிக் கேள்வி கேட்டான். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பேபியின் மாமா கிளீட்டஸிடம்.

"மாமா, அதோ எதிர்ல பெருசா நிக்குதே, அந்தத் தீவுக்கு என்ன பேரு?"

கிளீட்டஸ் தணலிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை.

"அதுவா மாப்பிள்ளை? அதுதான் யூனியன் தீவு."