வளைவில் கும்பிட்டு நிற்கிறார் என் வீட்டுக்காரர்

உயர்திரு ஏற்காடு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

கரடியூர் போகும் ரோட்டில் வளைவுக்கு மேலே குடியிருக்கும் ராசம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் ஊட்டு அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஐப்பசியில் என் வீட்டுக்காரர் வேடியப்பன் தவறிவிட்டார், மகள் சசிகலா திருப்பூரில் இருக்கிறாள், அதனால் எல்லோரும் என்றால் இப்போது நானும் இரண்டு வெள்ளாடும்தான். ஆடுகள் சுகம்.

என் புகார் என்னவென்றால், முன்பின் தெரியாத ஆட்கள் காரில் வந்து இறங்கி, வளைவிலும் என் வாசலிலும் வேலை இல்லாமல் நிற்கிறார்கள், குந்துகிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள், பாட்டில் உடைக்கிறார்கள். இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. அவர் தவறியதும் என் கொழுந்தன் ஜெயபிரகாஷ், அண்ணனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று வளைவில் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டினான். படம் வேண்டும் என்றான். ஊட்டில் இருந்த படமெல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் எடுத்தது, எதிலும் அவர் முறைத்துக்கொண்டுதான் இருப்பார். சசிகலா கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டபோது எடுத்த ஒரு படத்தில் மட்டும் சிரிக்கிறார். அதைக் கொடுத்தேன். பிளெக்ஸ் கடைக்காரன் பின்னால் மலையும் ஏரியும் சூரியனும் போட்டுவிட்டான். கருமாதிக்குக் கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வழி தெரியாமல் அலையக்கூடாது என்று ஜெயபிரகாஷ் என் போன் நம்பரும், மேலே ஊட்டைப் பார்த்து ஒரு அம்புக்குறியும் போடச் சொன்னான். கருமாதி முடிந்தது. பிறகு ஒரு நாள் அடித்த காற்றில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்த பாகம், அவர் பிறந்த தேதி இறந்த தேதியோடு கிழிந்து பள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் நிற்பது என்ன? மலை, ஏரி, அம்புக்குறி, போன் நம்பர், சிரித்துக் கும்பிடும் என் வீட்டுக்காரர். பார்ப்பவன் என்ன நினைப்பான், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு புருசன் பொஞ்சாதி வந்தார்கள். துக்கம் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் பாயை விரித்தேன். எழவு ஊட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது, அதனால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுதது. நல்ல சொந்தம், யார் வழி என்றுதான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கையில், அந்த ஆள் மெல்லக் கேட்கிறான், “ஏம்மா, ரூம்ல சுடுதண்ணி வருமுங்களா?” எனக்கு அழுகை நின்றுபோனது. போகும்போது அந்தப் பெண், “நொம்பப் புடிச்சிருக்குங்க, மறுபடி வர்றோமுங்க” என்கிறது. எழவு ஊட்டில் சொல்லுகிற பேச்சா அது?

அதோடு விட்டதா? அடுத்த வாரம் பையன்கள் ஒரு கும்பல். காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டை மேல் காரை ஏற்றி நிறுத்தினார்கள். ஒருத்தன் அவர் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டான். “கண்ணு, எந்திரி சாமி, அவரு இல்லீங்க” என்றேன்.

“பரவால்ல ஆண்டி, வர்ற வரைக்கும் வெயிட் பண்றோம்.”

“அவரு இனி வரமாட்டாரு கண்ணு.”

“அப்ப நீங்களே சாவி குடுத்துருங்க.”

பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள் ஐயா, செத்துப்போனவருக்காக. போகையில் வளைவில் இறங்கி, பேனரில் அவர் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் கன்னத்தில் முத்தம் கூடக் கொடுத்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் வாசலில் சொந்தக்காரர் தலை தெரிந்தாலே மிளகுக் கொடியைப் பார்க்கப் போகிறேன் என்று கொல்லை வழியாக நழுவும் மனுசன். அவரைப் போய்!

பஞ்சாயத்தில் சொன்னால், அங்கே இருந்தவர் சிரித்துவிட்டார். “ஏனுங்க ராசம்மா, பேனரக் கழட்டுனா ஒரு ஈ காக்கா வராதுங்களே. அதுக்கு எதுக்குப் போலீசு?” என்றார். புத்தி சொல்லுகிறாராம். அது எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் நான் தினமும் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வளைவு வழியாகத்தான் போகிறேன். அவர் உயிரோடு இருந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தது கம்மி. இப்போதுதான் காலையிலும் சிரிக்கிறார், சாயங்காலமும் சிரிக்கிறார். அதைக் கழட்டிச் சுருட்டி அட்டாலிப் பரணில் போட எனக்குக் கை வராது. அதனால் நீங்கள் ஒரு போலீஸ்காரரை வளைவில் நிறுத்தி, நிற்கிறவர்களையும் குந்துகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் விரட்டிவிட வேண்டும். பேனருக்குப் பர்மிசன் இருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கக் கூடாது.

சேர்வராயன் சாமி உங்களுக்கு நல்ல உடம்பையும் பிரமோசனையும் கொடுக்கட்டும். உங்கள் ஊட்டு அம்மாவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வே. ராசம்மாள்

பின் குறிப்பு: இதை உறையில் போடப் போகையில் ஒரு கார் வந்து நின்றது. கைக்குழந்தைக்காரி, அவள் புருசன், மாமியார். பனி இறங்கி ரோடே தெரியவில்லை, இந்த நிலையில் எப்படித் திருப்பி அனுப்புவது? ராகிக் களி கிண்டினேன், கீரை கடைந்தேன். மாமியாருக்கு மறுசோறு வேண்டியிருந்தது. இவர் போனதிலிருந்து நான் ஒரு கைப்பிடி மாவுதான் எடுக்கிறேன், இன்று பெரிய சட்டியைத் தேடி எடுத்தேன். குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது, இந்தப் பாகத்தை ஒற்றைக் கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். எனவே போலீஸ்காரரை அனுப்ப வேண்டாம் ஐயா. பேனரும் வெயிலில் வெளுத்துவிட்டது, புதிதாக ஒன்று அடிக்க ஜெயபிரகாஷிடம் போனில் சொல்லிவிட்டேன். கண்ணீர் அஞ்சலி வேண்டாம், முகத்தையும் அம்புக்குறியையும் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடு என்றேன். நீங்கள் விசாரிக்க வந்துதான் ஆக வேண்டும் என்றால் குடும்பத்தோடு வாருங்கள், சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். இடம் இருக்காது.