கைக்கு அடக்கமான நீளக்கை

"அசையாதீங்க!" என்றாள் டெய்லரம்மா.

"அசைய முடியலைம்மா. அதைத்தானே நானும் கத்திக்கிட்டிருக்கேன்" என்றார் அவள் கணவர்.

அவருடைய வலது சட்டைக் கை போர்வையோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, சட்டை மட்டும்தான். கை உள்ளே பத்திரமாக இருந்தது.

தப்பு அவர் மேலும் இல்லை, அவள் மேலும் இல்லை. போர்வை பெரிது, மெஷின் சிறிது. மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து மேலெல்லாம் கோலம் போட்டதுபோலத் தைக்க வேண்டும். சாதாரணத் தையல் மெஷினின் கழுத்துக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். அதற்குள் இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி நுழைப்பது, யானையைக் குடத்துக்குள் இறக்குவது மாதிரி. வெளியே தொங்கும் பாதி, தன் கனத்தால் மெஷினையே மேஜையிலிருந்து இழுத்தது. இழுக்காமல் இருக்கப் பக்கத்தில் நாற்காலி போட்டாள். நாற்காலி சரிந்தது. கணவரை நிறுத்தினாள். அவர் சரியவில்லை, நின்றபடியே தூங்கிவிட்டார். கை மட்டும் ஊசிக்கு அடியில் நழுவி வந்துவிட்டது.

டெய்லரம்மா கத்தரிக்கோலை எடுத்து, ஒரு கணம் யோசித்து, சட்டைக் கையை வெட்டினாள்.

"போர்வையைப் பிரிக்கக் கூடாதா? சட்டையை எதுக்கு வெட்டினே?"

"போர்வை ஆர்டர் எடுத்தது. சட்டை நம்மளதுதானே!"

விருந்தினர் விடுதி ஒன்று அத்தனை அறைகளுக்கும் போர்வை கேட்டிருந்தது. நேரத்துக்குக் கொடுத்தால் அதன் மற்றக் கிளைகளும் அவளுக்கே. தவறினால், மறுபடியும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"நீளக்கை மெஷின் வாங்கிட வேண்டியதுதான்" என்றாள்.

நீளக்கை மெஷினில் கழுத்தையும் ஊசியையும் இணைக்கும் கை நீளமானது, துணி நகராது. ஆள் நீளத்துக்கும் மேலான சட்டத்தில், இரண்டு உருளைகளுக்கு நடுவே போர்வை விறைப்பாகப் படுத்திருக்கும். மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் அதன்மேல் போகும், வரும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். யாரும் போர்வையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

"விலை?" என்றார் கணவர். அவர் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுபவர். எதையும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தே பழக்கம்.

"அதைத்தான் ஒரு மாசமா எடை போட்டுக்கிட்டிருக்கேன். விலை குறைஞ்ச புது மெஷின்ல கை நீளமா இருந்தா சட்டம் பொம்மை மாதிரி ஆடுது. சட்டம் கெட்டியா இருந்தா கை குட்டையா இருக்கு. ரெண்டும் நல்லா இருந்தா, மெஷினை வாங்கிட்டு வீட்டை வித்துடணும். அதனால விளம்பரத்துல பழசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

"பழசா? முன்பின் தெரியாதவங்ககிட்டேயா?"

"என்னை யாருன்னு நினைச்சீங்க? ஆழம் பார்க்காம காலை விடறவளா நான்?"

விளம்பரம் கொடுத்த மனிதர் போனில் தங்கமாகப் பேசினார். "விலை கைக்கு அடக்கமாத்தான் இருக்கும்மா. வரும்போதே ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்க் குப்பி எல்லாம் கொண்டு வந்துடுங்க. கழட்டணுமே! ஒரே ஒரு விஷயம். என் வீட்டம்மா முன்னால விலை, விற்பனைன்னு பேச்சே வேணாம். அவ மனசு தாங்க மாட்டா."

"பாவம், ஆசையா வெச்சிருந்த மெஷின் போல" என்று டெய்லரம்மா உச்சுக் கொட்டினாள்.

அந்த வீடு மாடியில் இருந்தது. கூடம் முழுவதையும் மெஷினின் சட்டமே அடைத்திருந்தது. சோபா பால்கனியில் வெயில் காய்ந்தது. கதவைத் திறந்த பெரிய மீசைக்காரர், சட்டத்துக்கு அடியில் குனிந்து புகுந்து அந்தப் பக்கம் எழுந்தார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"வாங்க வாங்க!" அவர் மனைவி சட்டத்தைச் சுற்றி ஓடிவந்தாள். "உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க கை பட்டா எந்த மெஷினும் ஓடும்னு இவர் சொன்னார்."

போனில் பேசியதை வைத்தே மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று டெய்லரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏதோ, கொஞ்சம் பழக்கம் உண்டு" என்றாள்.

"எதையும் மறைக்காம சொல்லிடறேன். நாலு தையல் போறதுக்குள்ள நூல் அறுந்துடும். சக்கரம் கிறீச்சுங்கும். திடீர்னு நின்னுடும்."

டெய்லரம்மா கணவரின் காதில் கிசுகிசுத்தாள். "விக்கிற பொருளோட குறையை விக்கிறவங்களே சொல்லி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"அதான் பயமா இருக்கு" என்றார் அவர்.

அவள் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். நூல் அறுந்தது. ஊசியைக் கழற்றினாள், அது கொஞ்சம் திரும்பிப் பொருந்தியிருந்தது. நேராக மாட்டி, திருகை முடுக்கி, மறுபடியும் ஓட்டினாள். மெஷின் வெண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. துணியில் பூவும் கொடியும் விழுந்தன.

வீட்டுக்கார அம்மா கைதட்டினாள். "அட, சரியாயிடுச்சே! அப்ப எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இங்கேயே இருக்கட்டும்!"

மீசைக்காரரின் முகம் வெளுத்தது.

"உன் கை சும்மா இருக்காதா?" என்று டெய்லரம்மாவின் காதருகே பல்லைக் கடித்தார் அவள் கணவர். "இப்ப விக்க மாட்டேங்கறாங்க பார். இல்லேன்னா கொள்ளை விலை கேப்பாங்க."

டெய்லரம்மா அசரவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதே காம்பைப் பார்த்து முகம் சுளித்து விலை குறைப்பவள். சட்டத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ஊசி என்னங்க ஊசி! சட்டமே கோணல்."

"ஐயோ!" என்றாள் அந்த அம்மா.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மீசைக்காரர்.

"சக்கரம் தேஞ்சு போச்சு. இப்படியே விட்டா ஒருநாள் மொத்தமும் சரிஞ்சு யார் கால்லயாவது விழும்."

"கேட்டியா? நான் சொன்னா நம்ப மாட்டே!" மீசைக்காரர் துள்ளாத குறை.

குறை சொல்லச் சொல்ல விற்பவர் இவ்வளவு மகிழ்வதை டெய்லரம்மா தன் ஆயுளில் கண்டதில்லை. உற்சாகம் மேலிட்டு, மோட்டாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவைத்தாள்.

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு மோசமா இருந்தா இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கழட்டிடுங்க."

கழற்றுவது சுலபமாக முடிந்தது. இறக்குவதில்தான் வினை. நீள உருளை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. "பால்கனி வழியா கயித்துல கட்டி இறக்கலாம்" என்றாள் டெய்லரம்மா, மறுப்புக்கே இடமில்லாத குரலில். உருளை இறங்கியது. கீழ்வீட்டுக்காரர்கள் உலர்த்தியிருந்த விரிப்பையும் கோத்துக்கொண்டு, கொடிபோலப் பறக்கவிட்டபடி இறங்கியது. விரிப்பை மீட்கக் கீழ்வீட்டு அம்மா எட்டிப் பிடித்து இழுக்க, மேலே கயிற்றைப் பிடித்திருந்த டெய்லரம்மாவின் கணவர் பாதி உடம்போடு பால்கனிக்கு வெளியே வந்துவிட்டார். மீசைக்காரர் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக் காப்பாற்றினார். அப்போதுகூட அவர் கத்தியது "உருளையை விட்டுடாதீங்க! மறுபடி மேல ஏத்த முடியாது!" என்றுதான்.

வண்டிக்குப் பின்னால், மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பணக் கவர் கை மாறியது.

"எண்ணிப் பாருங்க."

"நம்பிக்கைதாங்க முக்கியம்" என்று மீசைக்காரர் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். சொன்னதைவிடக் குறைத்தே வாங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவர் மனைவி இறங்கி வந்துவிட்டாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தாய்போல மெஷினைத் தடவிக் கொடுத்தாள். "நல்லா பார்த்துக்கோங்க. அப்பப்போ போன் பண்ணி விசாரிக்கலாமா?"

"தாராளமா! எப்ப வேணும்னாலும் பண்ணுங்க" என்று டெய்லரம்மா தன் நம்பரைக் கொடுத்தாள்.

மீசைக்காரருக்குப் புரையேறியது.

வீட்டில் மெஷினைப் பூட்டிப் பார்த்தபோது, சட்டம் கூடத்தைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது.

"ஆழம் பார்த்தியே, நீளம் பார்த்தியா?" என்றார் கணவர்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? படுக்கையறைக் கதவைத் திறந்து வெச்சா நுனி உள்ள போயிட்டுப் போகுது."

நுனி உள்ளே போனது. கதவு மூடவில்லை. கதவைக் கழற்றினாள். நுனிக்கு இடம் வேண்டுமென்று கட்டிலைத் தள்ளினாள். கட்டில் அலமாரியை அடைத்தது. அலமாரிக்குள் கணவரின் சட்டைகள் எல்லாம் சிறைப்பட்டன. அடுத்த இரண்டு சவாரிகளுக்கு அவர் ஒரு கை இல்லாத சட்டையோடு போய்வந்தார். குளியலறைக்குப் போவதற்குச் சட்டத்தின் அடியில் தவழ வேண்டியிருந்தது. "இந்த வயசுல தவழக் கத்துக்க வேண்டியதாப் போச்சு" என்று முனகினார்.

ஆனால் மெஷின் ஓடத் தொடங்கியதும் அவரே வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். டெய்லரம்மா சக்கரங்களைப் புதிதாக மாற்றினாள். சட்டத்தின் கோணலை ஆப்பு வைத்து நேராக்கினாள். கைப்பிடியைப் பிடித்து அவள் நடக்க நடக்க, போர்வையில் அலைகள் எழுந்தன, இலைகள் துளிர்த்தன. தோள்வலி இல்லை. விடுதியின் ஆர்டர் கெடுவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. விடுதி மேலாளர் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, மற்றக் கிளைகளுக்கும் அளவு கொடுத்தார். அன்று கணவர் சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போனபோது முனகவில்லை, சீட்டி அடித்தார்.

"பார்த்தீங்களா? பத்து தடவை எடை போட்டுப் பார்த்து வாங்கினா இப்படித்தான்" என்றாள் டெய்லரம்மா.

அப்போதுதான் போன் அடித்தது. பழைய சொந்தக்கார அம்மா.

"எப்படி இருக்கு மெஷின்? நூல் அறுகுதா?"

"ஒரு தடவைகூட அறுகலைங்க!"

"சக்கரம்?"

"புதுசு போட்டாச்சு. சத்தமே இல்லை. சட்டத்தையும் நேராக்கிட்டேன். கடையிலேர்ந்து வந்த அன்னைக்குக்கூட இப்படி ஓடியிருக்காது!"

மறுமுனையில் கைதட்டும் சத்தம் கேட்டது. "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்! நான் இப்பவே வரலாமா?"

"இதென்ன கேள்வி? உங்க வீடு மாதிரி நினைச்சுக்கிட்டு வாங்க!" டெய்லரம்மா தெரு, வீடு, அடையாளம் எல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். "மனுஷின்னா இப்படி இருக்கணும். வித்த பொருள் நல்லா இருக்குன்னு கேட்டு எவ்வளவு சந்தோஷப்படறாங்க!"

கணவர் தேநீருக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்கத் தவழ்ந்து போனார். டெய்லரம்மா மெஷினைத் துடைத்து, அதில் பாதி முடிந்திருந்த போர்வையை அழகாக இழுத்துவிட்டாள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மீசைக்காரர். ஓடிக்கொண்டே பேசுவதுபோல மூச்சு வாங்கியது.

"ஏம்மா, நல்லா ஓடுதுன்னு அவகிட்ட எதுக்கும்மா சொன்னீங்க? லோடு வண்டி பிடிச்சுக்கிட்டு அங்கதான் வந்துக்கிட்டிருக்கா... ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போற மெக்கானிக்குன்னு சொல்லித்தானே நான் உங்களை வீட்டுக்குள்ளயே விட்டேன்!"